முன்கூட்டி வாங்கிய கருவிகள்

சிறை, ஜூன் 4

மதிப்புக்குரிய ஒட்டிலியா சபோலோவா அம்மணிக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குத் தெரியும். என் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் உங்கள் வட்ட முத்திரையும் கையெழுத்தும் ஜிலினா முகவரியும் இருக்கின்றன. இங்கிலீஷ் தாளையும் ஸ்லோவாக் தாளையும் சேர்த்து வெள்ளை, நீலம், சிவப்பு நூலால் கோத்து முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். முடிச்சு நன்றாக இருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை.

என் பெயர் இம்ரிக் பலென்ச்சார். சாட்ஸா ஊர்க்காரன். பூட்டுத் திறப்பது தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவேன். பிழைப்புக்காக இங்கிலாந்து போனேன். பிராட்ஃபோர்டில் ஒரு செல்போன் கிடங்கின் பூட்டை, திறந்துவிடக் கூடாதவர்களுக்குத் திறந்துவிட்டேன். அதை நான் மறுக்கவில்லை. அங்கே தண்டித்தார்கள், மீதியைச் சொந்த நாட்டில் கழிக்கச் சொல்லி இங்கே அனுப்பினார்கள். அந்த இங்கிலீஷ் தீர்ப்பை ஸ்லோவாக்கில் எழுதியது நீங்கள்.

போன மாதம், தண்டனை முடியும் முன்பே விட்டுவிடும் முன்விடுதலை கேட்டேன். நீதிபதி உங்கள் மொழிபெயர்ப்பின் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தார். "குற்றம் செய்யும் நோக்கத்துடனேயே முன்கூட்டி வாங்கி வைத்த கருவிகள்" என்று அதில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு திட்டம் போட்ட ஆளா நீங்க?" என்றார். மனு தள்ளுபடி.

இங்கிலீஷ் நீதிபதி அப்படிச் சொல்லவில்லை. நான் எதிரில் நின்று கேட்டவன். தினமும் தொழிலுக்காக வண்டியில் வைத்திருக்கும் கருவிகள்தான் அன்றும் பயன்பட்டன, திட்டமிட்டதற்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னார். என் வக்கீலிடம் காட்டினேன். "முத்திரை குத்தின தாள்ல தப்பு இருக்காதுய்யா, வேற ஏதாவது பேசு" என்கிறார்.

மேல் நீதிமன்றத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். எது சரி, அவர் சொன்னதா, நீங்கள் எழுதியதா?

இம்ரிக் பலென்ச்சார்

*

ஜிலினா, ஜூன் 15

திரு. பலென்ச்சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கடிதம் எழுதிக்கொள்வது முறையல்ல. உங்கள் வக்கீல் வழியாகக் கேட்டிருக்க வேண்டும். மரியாதைக்காக மட்டும் இந்தப் பதில்.

பதினேழு வருடமாக இங்கிலீஷ்காரர்களின் கடப்பாரைகளையும் கள்ளச் சாவிகளையும் ஸ்லோவாக்குக்குத் தூக்கி வருகிறேன். குற்றத்தில் பயன்பட்ட பொருள், குற்றத்துக்காகத் தயாராக வைத்த பொருள், குற்றத்தால் கிடைத்த பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஒரு மனிதனின் ஆயுளில் வருடங்கள் போகும் என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதே நான்தான்.

நீதிமன்றத்தில் காதால் கேட்டது மனதில் மாறிப்போவது சகஜம். அதிலும் கேட்க விரும்பியதுதான் ஞாபகம் இருக்கும். உங்களுக்கு நல்லது நடக்கட்டும்.

ஒ. சபோலோவா

*

சிறை, ஜூன் 22

மதிப்புக்குரிய அம்மணிக்கு,

பதில் போட்டீர்களே, அதற்கே நன்றி. வகுப்பெடுப்பவர் என்று தெரியாமல் எழுதிவிட்டேன். கை கட்டி நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் காதை நம்பி எழுதவில்லை. உங்கள் நூலில் கோத்த இங்கிலீஷ் தாள் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. நீங்கள் முடிச்சுப் போட்ட தாள்தான் அது. உங்களிடமும் ஒரு நகல் இருக்கும். ஒன்பதாம் பக்கம், மூன்றாம் பத்தி. படித்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகுமா? தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பக்கத்துக் கட்டில்காரர் மிலோட்டா சொல்கிறார்: "விடுய்யா, அந்தம்மா பாக்கவே பாக்காது. பாத்தா தப்புன்னு தெரிஞ்சிரும்ல?" நான் அவரிடம் சண்டை போட்டேன். உங்களுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு மகள். டோர்கா, பத்து வயது. நான் பிடிபட்டபோது ஏழு. மாதம் ஒரு தடவை அவள் அம்மா ஷெல்மீரா கூட்டி வருகிறாள். பள்ளிக்கூடம், பூனை, பல் விழுந்தது, எல்லாம் சொல்வாள். நான் ஏன் உள்ளே இருக்கிறேன் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் கேட்டு நச்சரிக்கிறார்களாம். இவள் கேட்பதில்லை. அவள் கேட்காத வீட்டுக்கு நான் போக வேண்டும். அவ்வளவுதான்.

இம்ரிக்

*

ஜிலினா, ஜூலை 30

திரு. பலென்ச்சார்,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வந்த அன்றே நகலை எடுத்தேன். மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன். உங்கள் மிலோட்டா சொன்னது சரி, பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்காமல் இருந்தேன்.

பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. நான் எழுதியது தவறு.

எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் வேலை இப்போது கம்ப்யூட்டரில். நாங்கள் மொழிபெயர்த்த ஒவ்வொரு வாக்கியத்தையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். புது வழக்கில் அதே மாதிரி ஒரு வாக்கியம் வந்தால், "இது முன்னாடி செய்ததுதானே" என்று பழையதை எடுத்துப் பச்சை நிறத்தில் நீட்டும். எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்றும் காட்டும். உங்கள் வாக்கியத்துக்கு அது நீட்டியது, வேறொரு ஆளின் வழக்கில் நான் எழுதியது. அவன் கடைக்குப் போய்க் கடப்பாரை வாங்கிக்கொண்டு நேரே திருடப் போனவன். ஒற்றுமை தொண்ணூற்றொரு சதவீதம். மிச்சம் இருந்த ஒன்பதில்தான் நீங்கள் இருந்தீர்கள். நான் ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஏன் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது செப்டம்பர் வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் மழை பெய்து விட்டிருந்தது. எங்கள் மலை வீட்டுப் பக்கம் காளான் முளைத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி போன் செய்திருந்தாள். சனிக்கிழமை ஊரே இறங்கிவிடும், நாம் முந்திப் போய்விடலாம் என்று என் கணவர் போஹுமில் கூடையோடு காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். முத்திரை குத்தினேன், நூல் கோத்தேன், ஓடினேன். அன்று நல்ல காளான் கிடைத்தது. நறுக்கிக் காய வைத்தது இன்னும் பாட்டிலில் இருக்கிறது. அந்த அலமாரியைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

போஹுமில் சொன்னார்: "அவன்தான் திருடன்னு ஒத்துக்கிட்டானே, நீ ஏன் போய்த் தலையைக் கொடுக்கற? ரெண்டு வருஷத்துல ஓய்வு வாங்கப் போற." நானும் சில நாள் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உங்கள் மகள் கேட்காமல் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை.

நேற்று நீதிமன்றத்துக்கும், எங்களுக்கு முத்திரை தரும் அமைச்சகத்துக்கும் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, கவனக்குறைவு, திருத்திய மொழிபெயர்ப்பைச் செலவில்லாமல் தருகிறேன் என்று. உங்களிடம் முதல் கடிதத்தில் பேசிய தொனிக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒட்டிலியா சபோலோவா

*

சிறை, ஆகஸ்ட் 12

அம்மணி,

உங்கள் கடிதத்தை மிலோட்டாவிடம் படித்துக் காட்டினேன். "அடேங்கப்பா! தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? நம்ம நாட்டுலயா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். நீங்கள் இவ்வளவு தூரம் போவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரு சின்னத் திருத்தம் போடுவீர்கள், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அமைச்சகத்துக்கு ஏன் எழுதினீர்கள்? அது தேவையா? உங்களை என்ன செய்வார்கள்?

காளானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது என்ன பாவம் செய்தது?

இம்ரிக்

*

ஜிலினா, அக்டோபர் 9

திரு. இம்ரிக்,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். மேல் நீதிமன்றம் உங்கள் மனுவை மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் விசாரணை. திருத்திய தீர்ப்பை நான் போன வாரம் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து வைத்துவிட்டுக் கையால் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தேன். போஹுமில் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு, "ஒன்பதாம் பக்கம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்தது. "அன்றாடத் தொழிலுக்காக வைத்திருந்த கருவிகள்." இந்த வார்த்தைகளை எழுத இவ்வளவு நேரம் ஆனதே இல்லை.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அபராதம் போட்டார்கள். பரவாயில்லை. அதைவிட, செய்தி பரவிவிட்டது. என்னிடம் வேலை கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் போன் எடுப்பதில்லை. இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்றும் மென்மையாகச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் படித்த பெண்தான் சொன்னாள், கண்ணைப் பார்க்காமல்.

ஆனாலும், சொன்னால் நம்புவீர்களா தெரியாது, மூன்று மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன். கிறிஸ்துமஸ் முட்டைக்கோஸ் சூப்பில் அந்தக் காளானைப் போடப் போகிறேன். நீங்கள் உங்கள் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு போடுவேன்.

ஒட்டிலியா

*

சாட்ஸா ரயில் நிலையம், நவம்பர் 2

ஒட்டிலியா அம்மணிக்கு,

கல்லறைத் திருநாளுக்கு ஒரு நாள் வெளியே விட்டிருக்கிறார்கள். அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். இந்தக் கடிதத்தை உள்ளிருந்து எழுத முடியாது, அங்கே காவலர் முதலில் படித்துவிடுவார். ரயிலுக்கு நேரம் இருக்கிறது. தபால் பெட்டி எதிரிலேயே இருக்கிறது. போடுவேனா மாட்டேனா என்று இன்னும் தெரியவில்லை.

நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இங்கிலீஷ் நீதிபதி சொன்னதாக நான் எழுதியது உண்மை. அவர் அப்படித்தான் சொன்னார். நான் அவரை அப்படி நம்ப வைத்தேன். அன்றைக்கு இரவு திருடப் போனவர்கள் கூப்பிட்டார்கள், கை தானாக வண்டியில் இருந்த பையை எடுத்தது என்று கண்ணீர் விட்டேன். வண்டியில் இருந்த பை நிஜம். ஆனால் அந்தக் கிடங்கின் பூட்டை என் தினசரிக் கருவிகளால் திறக்க முடியாது. அது வேறு ஜாதிப் பூட்டு. அதற்கென்று ஒரு கருவி வாங்கினேன். அதே மாதிரி ஒரு பூட்டையும் வாங்கினேன், சிவப்பு நிறம். தினமும் சாயங்காலம் பிராட்ஃபோர்டில் என் சமையலறை மேசையில் வைத்துப் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற வரைக்கும் பழகினேன். பிறகு அந்தக் கருவியையும் பூட்டையும் கால்வாயில் எறிந்துவிட்டேன். போலீஸுக்குக் கிடைக்கவே இல்லை.

"குற்றம் செய்யும் நோக்கத்துடனேயே முன்கூட்டி வாங்கி வைத்த கருவிகள்." நீங்கள் எழுதியது சரி, அம்மணி. எவனோ கடப்பாரைக்காரனுக்கு எழுதியது எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. நீதிமன்றத்தில் அதைப் படித்தபோது யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் தவறு என்று புரிந்தது. புரிந்ததும் உங்கள்மேல் கோபம் வந்த மாதிரி நடித்தேன். நடித்து நடித்து உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

நீங்கள் தவறை ஒத்துக்கொண்டு வேலையை இழந்தீர்கள். நான் உண்மையைப் பொய்யாகத் திருத்த வைத்து வீட்டுக்குப் போகப் போகிறேன். இந்தக் கடிதத்தை நீதிமன்றத்தில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கொடுத்தால் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ரயில் வருகிறது.

இம்ரிக்

*

ஜிலினா, நவம்பர் 20

இம்ரிக்,

கோபத்தில் எழுதிய கடிதங்களைக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் போட்டுவிடுகிறேன். உள்ளே யார் படித்தாலும் உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

போஹுமிலிடம் சொன்னேன். மனிதர் முதலில் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அப்ப நீ தப்பே பண்ணலையே! போய்ச் சொல்லு அவங்ககிட்ட, வேலையைத் திருப்பிக் கொடுங்கன்னு!" எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அவர் சொன்னதில் எனக்கு ஆசையும் இருந்தது. அதுதான் அசிங்கம்.

நான் தவறுதான் செய்தேன். நான் எழுதியது நடந்ததோடு ஒத்துப்போனது என் திறமை அல்ல. நான் உங்களைப் படிக்கவில்லை. காளானுக்குப் போனேன். நீங்கள் நிரபராதியாக இருந்திருந்தாலும் அதே பொத்தானைத்தான் அழுத்தியிருப்பேன். அதனால் என் குற்றத்தை நீங்கள் எனக்காகக் குறைத்துவிட முடியாது. கணக்கு நேராகிவிட்டது என்று ஆறுதல் சொல்ல வராதீர்கள்.

இரண்டாவது முறை எழுதியதுதான் என்னைக் கொல்கிறது. ஒவ்வொரு சொல்லையும் உரக்கப் படித்தேன். நீதிபதி சொன்னது எதுவோ அதுவே, எழுத்துக்கு எழுத்து. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான வேலை அது. அதன் அடியில் முத்திரையை அழுத்தியபோது எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை. அது எதற்காக என்று இப்போது நினைத்தால் முகம் எரிகிறது. முத்திரையை நானே அமைச்சகத்தில் கொடுத்துவிட்டேன். அவர்கள் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். இன்னொருத்தர் சொன்னதை அந்தப் பக்கம் சேர்ப்பதுதான் என் வேலை. நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை. என்னிடம் சொன்னது கணக்கில் வராது. நான் ஜிலினாவில் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை. விசாரணை அன்று நீதிபதி "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று உங்களைக் கேட்பார். வழக்கமாகக் கேட்பார்கள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் வாசலில் நிற்கும்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லாதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஒட்டிலியா

*

சிறை, டிசம்பர் 11

ஒட்டிலியா அம்மணிக்கு,

முகவரியைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், உள்ளேதான் இருக்கிறேன். காவலர் படிக்கட்டும், இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை.

நீதிபதி அதே கண்ணாடிக்காரர். புதுத் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "மன்னிக்கணும், போன தடவை தப்பான தாளைப் பாத்துட்டு உங்களைக் கடுமையா பேசிட்டேன்" என்றார். ஒரு நீதிபதி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், அம்மணி. நீங்கள் கேட்டீர்கள், அவரும் கேட்டார். என்னிடம் தவறு செய்தவர்கள் எல்லாரும் வரிசையாக மன்னிப்புக் கேட்கிறார்கள், நான் கல் மாதிரி நிற்கிறேன்.

ஷெல்மீரா பின் பெஞ்சில் இருந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போக என் குளிர்கோட்டைக் கொண்டுவந்திருந்தாள். டோர்கா பக்கத்தில், காலை ஆட்டிக்கொண்டு.

"ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வந்தது வேறு. கருவியைச் சொன்னேன், சிவப்புப் பூட்டைச் சொன்னேன், கால்வாயைச் சொன்னேன். வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், உக்காருய்யா! யாருய்யா உன்னைக் கேட்டா?" நான் உட்காரவில்லை. நீதிபதி சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் பெயரையும் சொன்னேன். அந்த அம்மா என்னை நம்பித்தான் திருத்தினாங்க, அவங்களுக்கு எதுவும் தெரியாது என்று. அது முழு உண்மை இல்லை என்று உங்களுக்கும் தெரியும், ஆனால் திருத்தியபோது உங்களுக்குத் தெரியாதுதானே.

மனு தள்ளுபடி. முழுத் தண்டனையும் உள்ளே.

வெளியே தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். ஷெல்மீரா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கோட்டை என்னிடம் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். அவள் என்னை மன்னிப்பாளா தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

டோர்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். என்னை நிறுத்திவிட்டு என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். அவளுடைய சொற்களிலேயே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. நீ அங்க இருந்தப்ப நாம வீடியோ கால்ல பேசுறப்பல்லாம் உன் மேஜைல அந்தச் சிவப்புப் பூட்டு இருக்கும்ல. என்னப்பா பண்றன்னு கேட்டேன், வேலை பழகுறேன்னு சொன்ன. அப்புறம் டிவில நீ திறந்த பூட்டைக் காமிச்சாங்க, அதே சிவப்பு. நான் யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்ட கூடச் சொல்லல. போலீஸ் மாமா வீட்டுக்கு வந்தப்பகூடச் சொல்லல. இவ்வளவு நாள் சொல்லாமலே இருந்தேனே, நீ ஏன்ப்பா சொன்ன?"

இம்ரிக்